கூவம் கற்பிக்கும் கூட்டுறவுப் பாடம்

நம் திருமழிசைக்கு அண்மையிலுள்ள ஜமீன் கொரட்டூரில், கூவம் ஆற்றின் குறுக்கே ஓர் அணைக்கட்டு இருப்பதை அங்கத்தினர் பலரும் அறிவர். மழைக்காலத்தில் ஆற்றில் வரும் நீரின் ஒரு பகுதி அங்கிருந்து பங்காரு கால்வாய் வழியே செம்பரம்பாக்கம் ஏரியை அடைகிறது. அவ்வேரி நீர் சுத்திகரிக்கப்பெற்றுச் சென்னை மக்களின் குடங்களை நிரப்புகிறது. அதே ஆறுதான் கிழக்கு நோக்கிச் சென்று, பருத்திப்பட்டையும் திருவேற்காட்டையும் கடந்து, கோயம்பேட்டைத் தாண்டி நகரினுள் நுழைகிறது. அங்கே பாலத்தைக் கடப்போர் மூக்கைப் பொத்திக்கொள்கின்றனர். மேலே குடிநீர், கீழே சாக்கடை. இவ்விரண்டு நிலைகளுக்கும் நடுவில் நாம் குடியிருக்கிறோம்.

ஆதலின் கூவத்தின் கதை நமக்கு அயலார் கதையன்று. ஒரு பெருநகரம் தன் ஆற்றில் கழிவுநீர் கலவாமல் தடுப்பதற்கு எத்தனை ஆண்டுகளாக எத்தனை கோடிகளைச் செலவிட்டு வருகிறது, அச்செலவு ஏன் முழுப் பயனைத் தரவில்லை, அதிலிருந்து நெசவாளரும் விவசாயிகளுமாகிய நாம் அறிய வேண்டியது யாது என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. ஆறு சாக்கடையானது எவ்வாறு?

கூவத்தின் நீளம் ஏறத்தாழ 72 கிலோமீட்டர். கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரியும் நீரும், வழியிலுள்ள ஏரிகளின் உபரி நீருமே இதற்கு ஆதாரம். இது பனிமலையில் தோன்றிய ஆறன்று. வடகிழக்குப் பருவமழை பெய்தால் ஓடும், பெய்யாவிடில் மணலாய்க் கிடக்கும். அத்தகைய ஆற்றிற்கும் ஒரு காலத்தில் பெருமை இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வள்ளல் பச்சையப்ப முதலியார் கோமளீசுவரன்பேட்டையில் இவ்வாற்றில் நீராடி இறைவனை வழிபட்டார் என்று கூறுவர்.

பின்னர் இரண்டு மாறுதல்கள் நேர்ந்தன. முதலாவது, மேற்பகுதியில் ஓடிவந்த நன்னீர் குடிநீருக்கும் பாசனத்துக்கும் ஆங்காங்கே தேக்கப்பட்டது. அது தேவையான செயலே. எனினும் நகரப் பகுதியில் ஆற்றுக்கு வரவேண்டிய நீர் குறைந்தது. இரண்டாவது, நகரம் பெருகப் பெருக அதன் கழிவுநீர் ஆற்றை நாடிற்று. கோடையில் ஆற்றில் ஓடுவது கழிவுநீர் ஒன்றே என்ற நிலை உண்டாயிற்று.

இவற்றோடு கடலும் ஒரு தடையை வைத்தது. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பப்பட்டன. தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கடலோரமாக நகரும் மணல் அச்சுவர்களால் தடுக்கப்பட்டுத் தென்புறத்தே குவிந்தது. மெரினாக் கடற்கரை இன்றுள்ள அகலத்தைப் பெற்றதும் அதனால்தான், கூவத்தின் முகத்துவாரத்தில் மணல்மேடு அடிக்கடி அடைத்துக்கொள்வதும் அதனால்தான். வாயடைத்த ஆற்றில் கடலலை ஏறி இறங்கிக் கழுவிச் செல்ல இயலாது. கழிவு தேங்கும், தேங்கியது அழுகும்.

அழுகல் என்பது யாது? கழிவுப் பொருளை நுண்ணுயிர்கள் உண்டு சிதைக்கின்றன. அப்போது அவை நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவிடுகின்றன. எவ்வளவு பிராணவாயு தேவைப்படுகிறது என்பதைக் கொண்டே நீரின் மாசு அளக்கப்படுகிறது. குளிப்பதற்கு ஏற்ற ஆற்றுநீரில் இத்தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், கூவத்தில் ஆவடி முதல் சத்யா நகர் வரையுள்ள பகுதியில் இது 345 மில்லிகிராம் அளவு காணப்பட்டது. நாட்டில் ஆராயப்பட்ட ஆற்றுப் பகுதிகளில் அதுவே மிகக் கூடுதலான அளவு. விதித்த எல்லையைப்போல் நூறு மடங்கிற்கும் மேல் என்றால், அது ஆறு என்னும் பெயரை இழந்துவிட்டது என்றே கொள்ளவேண்டும். மீன் அங்கே வாழாது, கொசு வாழும்.

2. கணக்கு எங்கே தவறியது?

சென்னையின் பாதாளச் சாக்கடைத் திட்டம் 1910-ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்டது. அதனை வகுத்தோர் தொலைநோக்கு இல்லாதவர் அல்லர். ஐம்பது ஆண்டுகள் முன்னோக்கி, 1961-இல் நகரில் 6 லட்சத்து 60 ஆயிரம் மக்கள் வாழ்வர், தலைக்கு நாளொன்றுக்கு 114 லிட்டர் நீர் வழங்கப்படும் என்று கணக்கிட்டுக் குழாய்களின் அளவை முடிவு செய்தனர். 1961-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலோ நகர மக்கள் 17 லட்சத்தைக் கடந்திருந்தனர். 1958-இல் திட்டம் திருத்தப்பட்டு, 1976-இல் 25 லட்சத்து 50 ஆயிரம் பேர் என்று மதிப்பிடப்பட்டது. 1981-இல் மக்கள் 32 லட்சத்தைத் தாண்டினர். பின்னும் 2011-இல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அம்பத்தூர் முதலிய புறநகர்கள் நகரோடு சேர்ந்தன. அவ்வாறு சேர்ந்த பகுதிகளில் பல, பாதாளச் சாக்கடை முழுமையாக எட்டாதவை.

மக்கள்தொகை விரியும், புதைத்த குழாய் விரியாது. குழாய் கொள்ளாத நீர் வேறு வழி தேடும். அவ்வழி பெரும்பாலும் மழைநீர்க் கால்வாயே. மழைநீர்க் கால்வாயின் முடிவிடம் ஆறு.

3. செலவழித்த முயற்சிகள்

நகரம் வாளாவிருந்தது என்று கூறுதல் நேர்மையாகாது. 1967-இல் கூவம் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. கரைகள் கட்டப்பட்டன, படகுத்துறைகளும் அமைக்கப்பட்டன. சில காலம் படகும் விட்டனர். கழிவுநீர் வருவது நிற்காமையால் படகுத்துறைகள் பாழாயின. முதலில் நிறுத்த வேண்டியதை நிறுத்தாமல் அழகுபடுத்தியதன் விளைவு அது.

1978-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் சென்னைக் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் உருவாயிற்று. 2001-ஆம் ஆண்டையொட்டி, மத்திய அரசின் உதவியுடன் ஏறத்தாழ 490 கோடி ரூபாய் மதிப்பில் சென்னை நகர ஆறுகள் பாதுகாப்புத் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. ஆற்றில் விழும் கழிவுநீரை வழியிலேயே இடைமறித்துக் குழாய்க்குத் திருப்புதல், நீரேற்று நிலையங்களை வலுப்படுத்துதல், சுத்திகரிப்பு நிலையங்களைப் பெருக்குதல் என்பன அதன் பணிகள். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களிலுள்ள நிலையங்களின் மொத்தக் கொள்திறன் நாளொன்றுக்கு 70 கோடி லிட்டருக்கும் மேலாக உயர்ந்தது. சில நிலையங்களில் கசடிலிருந்து வரும் வாயுவைக்கொண்டு மின்சாரமும் எடுக்கப்படுகிறது.

2010-இல் சென்னை ஆறுகள் சீரமைப்பு அறக்கட்டளை அப்பெயரைப் பெற்று, நகரின் நீர்வழிகள் அனைத்தையும் தன் பொறுப்பில் ஏற்றது. 2014-15-இல் கூவத்திற்கு ஏறத்தாழ 604 கோடி ரூபாயும், பின்னர் அடையாற்றுக்கு ஏறத்தாழ 555 கோடி ரூபாயும் ஒதுக்கித் திட்டங்கள் வகுக்கப்பட்டன. கழிவுநீர் வாய்களை அடைத்தல், ஆங்காங்கே சிறு சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தல், குப்பையகற்றல், கரையில் மரம் நடுதல் முதலியன இவற்றில் அடங்கும்.

இச்செலவுக் கணக்கில் ரூபாயாக எழுதப்படாத ஒரு பற்றும் உண்டு. கூவக் கரையில் குடிசையிட்டு வாழ்ந்த ஏறத்தாழ 14 ஆயிரம் குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட வேண்டியவை எனக் கணக்கெடுக்கப்பட்டன. பெரும்பாக்கம் போன்ற தொலைவான குடியிருப்புகளுக்குப் பலர் சென்றனர். நமக்கு அண்மையிலுள்ள கூடப்பாக்கத்திற்கும் சிலர் வந்தனர். வெள்ளத்தின் அச்சம் அவர்களைவிட்டு நீங்கியது மெய். ஆனால் வீட்டு வேலையும் கூலி வேலையும் நகரிலிருக்க, குடியிருப்பு இங்கிருந்தால், பேருந்துக் கட்டணமே கூலியில் ஒரு பங்கை உண்டுவிடும். ஆற்றை மாசுபடுத்தியது நகரம் முழுவதும். அதன் பொருட்டு வீட்டைவிட்டுச் சென்றவர் கரையிலிருந்த ஏழையர். இந்த நீதியையும் நாம் சிந்திக்க வேண்டும்.

4. கோடிகள் ஏன் கரைகின்றன?

பெருங்குழாயும் பெருநிலையமும் கட்டிய பின்னரும் ஆற்றில் கழிவுநீர் விழுவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானவை நான்கு.

ஒன்று, பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களின் கழிவு தெருக்கால்வாயில் விழுகிறது. இரண்டு, சாக்கடை உள்ள தெருவிலும் சிலர் இணைப்புக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க எண்ணி, இரவோடிரவாக மழைநீர்க் கால்வாயில் குழாயைச் செருகிவிடுகின்றனர். மூன்று, மழை பெய்யும்போது தெருவெள்ளம் வடியவேண்டுமென்று சாக்கடைக் குழியின் மூடியைத் திறந்துவிடுகின்றனர். வீட்டு மாடியில் விழும் மழைநீரையும் சாக்கடையிலேயே விடுகின்றனர். நாள்தோறும் வரும் கழிவுக்காக அமைந்த குழாய் இந்த நீரைத் தாங்காது. நீரேற்று நிலையமும் திணறும். அந்நேரம் மின்சாரமும் தடைப்பட்டால் கழிவு பின்னோக்கி ஏறி வீதியில் பொங்கி ஆற்றை அடைகிறது. நான்கு, கழிவுத்தொட்டியிலிருந்து லாரியில் எடுத்த கசடைச் சிலர் சுத்திகரிப்பு நிலையத்திற்குக் கொண்டுசெல்லாமல், இருளில் ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் கொட்டிவிடுகின்றனர்.

இந்நான்கில் எதையும் பெருங்குழாயினால் மட்டும் நிறுத்த இயலாது. கோடி ரூபாய்த் திட்டத்தின் பலன் கடைசியில் ஒரு வீட்டின் நாலங்குலக் குழாயைப் பொறுத்திருக்கிறது.

5. இலண்டன் நகரின் அனுபவம்

இத்துன்பம் நமக்கு மட்டுமுரியதன்று. 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆற்றின் துர்நாற்றத்தால் பிரிட்டிஷ் பாராளுமன்றமே தத்தளித்தது. அதன்பின் பேசல்ஜட் என்னும் பொறியாளர் நகரின் அடியில் பெருஞ்சாக்கடைகளை அமைத்தார். அங்கே மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் செல்லும். பெருமழையில் குழாய் நிரம்பினால் மிகுந்தது ஆற்றில் விழும்படியே அது அமைக்கப்பட்டது. நகரம் வளர்ந்ததும் சிறு மழைக்கும் கழிவு ஆற்றில் விழலாயிற்று. அதைத் தடுக்க, தேம்ஸ் ஆற்றை ஒட்டிப் பூமிக்கடியில் 25 கிலோமீட்டர் நீளமும் 7 மீட்டருக்கு மேற்பட்ட விட்டமும் உடைய சுரங்கம் ஒன்றைத் தோண்டினர். 450 கோடி பவுன் அளவில் செலவாகி, 2025 பிப்ரவரியில் அது முழுமையாக இணைக்கப்பெற்றது. அச்செலவை அந்நகர மக்கள் தம் குடிநீர்க் கட்டணத்தோடு சேர்த்துச் செலுத்துகின்றனர்.

இங்கே ஓர் வேற்றுமையைக் கவனிக்கவேண்டும். இலண்டனில் இரண்டு நீரும் கலக்கும்படி குழாய் அமைந்தது. எனவே குழாயின் அளவைப் பெருக்கினர். சென்னையில் இரண்டுக்கும் தனித்தனி வழி வகுக்கப்பட்டது, மனிதர் கலந்துவிட்டனர். அவர்களுக்குப் பணம் ஒன்றே பெருந்தேவை. நமக்குப் பணத்தோடு ஒழுங்கும் வேண்டும். ஒழுங்கு என்பது கூட்டுறவின் வேறு பெயரே.

6. நெசவாளருக்கு நொய்யல் சொல்வது

சாயத்தொட்டி வைத்திருக்கும் நெசவாளர் நொய்யல் ஆற்றை மறத்தலாகாது. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென 1992-இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீரே தேங்கிற்று. கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறுகள் உப்பாயின. அவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், ஆற்றில் ஒரு துளியும் விடாத ஏற்பாடு செய்யாத சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பட்டறைகள் மூடின, கூலிகள் நின்றன. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நீரைச் சவ்வுகளின் வழியே அழுத்தி, உப்பைப் பிரித்து, நீரை மீண்டும் சாயமிடவே பயன்படுத்தும் முறை வேரூன்றியது. தனியொரு பட்டறை தாங்க இயலாத செலவைப் பல பட்டறைகள் பங்கிட்டுத் தாங்கின.

முன்பே பங்கிட்டிருந்தால் ஆறும் பிழைத்திருக்கும், கூலியும் நின்றிராது. விவசாயியின் கிணறும் நெசவாளியின் தொட்டியும் ஒரே நிலத்தடி நீரில் சந்திக்கின்றன. ஒரே சங்கத்தின் பேரேட்டில் இருவர் பெயரும் இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் வேண்டுவதில்லை. நம் மாவட்டத்தில் பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய நெசவூர்களுக்கும் இது பொருந்தும்.

7. கழிவு செல்வமாதல்

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4 கோடியே 50 லட்சம் லிட்டர் கழிவுநீரை மூன்றாம் படிநிலை வரை சுத்திகரிக்கும் நிலையம் 2019-இல் செயற்படத் தொடங்கியது. அதன் நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. கொடுங்கையூரிலும் அதே அளவுள்ள நிலையம் மணலித் தொழிற்சாலைகளுக்கு நீர் வழங்குகிறது. தொழிற்சாலை இந்நீரை வாங்கும் அளவுக்கு ஏரிநீரும் கிணற்றுநீரும் மிஞ்சுகின்றன. ஆற்றில் விழுந்திருந்தால் நோயாகியிருக்கும் நீர், குழாயில் ஏறியதால் விலை பெறுகிறது.

8. நாம் செய்யத்தக்கவை

நகரம் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. திருமழிசையில் தொழிற்பேட்டை உண்டு. குத்தம்பாக்கத்தில் பேருந்து நிலையம் எழுந்துள்ளது. 2020 மே மாதம் முதல் செப்டம்பர் வரை கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தையே நம் ஊருக்கு வந்திருந்ததையும், மழையில் அவ்விடம் சேறானதையும் காய்கறி கொண்டுசென்ற அங்கத்தினர் மறந்திருக்கமாட்டார்கள். ஆட்கள் வந்தால் கழிவும் வரும் என்பதை அந்த ஐந்து மாதங்களே காட்டிவிட்டன.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஐவர் கொண்ட குடும்பம், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் நீர் என்றால் 500 லிட்டர். அதில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவாகும் என்பது பொறியாளர் கொள்ளும் கணக்கு. ஆக ஒரு வீட்டிற்கு 400 லிட்டர். அத்தகைய 500 வீடுகளிலிருந்து நாளொன்றுக்கு 2 லட்சம் லிட்டர், ஆண்டொன்றுக்கு 7 கோடியே 30 லட்சம் லிட்டர். “என் ஒரு வீட்டுக் கழிவினால் என்ன கெட்டுவிடும்?” என்று வினவுவோர் இக்கணக்கைப் பார்க்கவேண்டும். கூவமும் ஒவ்வொரு வீடாகத்தான் கெட்டது.

பாதாளச் சாக்கடை இல்லாத வீட்டிற்குக் கழிவுத்தொட்டியே துணை. அடிப்பகுதி பூசப்பட்டு, குறைந்தது இரண்டு அறைகளாகத் தடுக்கப்பட்டு, தெளிந்த நீர் உறிஞ்சுகுழிக்குச் செல்லுமாறு அது அமையவேண்டும். அடி பூசாத குழி கழிவுத்தொட்டியன்று, கிணற்றுக்கு வைத்த வாய்க்கால். முறையாகக் கட்டிய தொட்டியிலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை அகற்றவேண்டும். அகற்றாவிடில் தொட்டி நிரம்பிக் கசடே வெளியேறும். வீட்டுக் கழிவுத்தொட்டிகளின் மேலாண்மைக்குத் தமிழக அரசு 2014-இலேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது.

இவ்வேலையைத் தனித்தனியே செய்வதைவிடச் சேர்ந்து செய்தல் எளிது. தெருவாரியாக அங்கத்தினர் வீட்டுத் தொட்டிகளின் பட்டியல் ஒன்றைச் சங்கம் வைத்துக்கொள்ளலாம். எவர் வீட்டில் எந்த ஆண்டு கசடு அகற்றப்பட்டது என்று அதில் குறிக்கலாம். ஒரே வாரத்தில் ஒரே தெருவின் தொட்டிகளைத் துப்புரவு செய்தால் லாரி வாடகை குறையும். உரிமம் பெற்ற லாரியையே அமர்த்தி, சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியதற்குச் சீட்டு கொணர்ந்த பின்னரே பணம் கொடுப்பது என்று தீர்மானித்தால், இருளில் கொட்டும் வழக்கம் தானே நிற்கும். மழைநீரைச் சாக்கடையில் விடாமல் தனியே சேமிப்புக் குழிக்குத் திருப்பவேண்டும்.

இவை யாவற்றினும் மேலான விதி ஒன்றுண்டு. எக்காரணத்தைக்கொண்டும் மனிதரைத் தொட்டியிலோ சாக்கடைக் குழியிலோ இறக்கலாகாது. உள்ளே தேங்கிய நச்சுவாயு ஒரு நொடியில் உயிரைக் கவரும். காப்பாற்ற இறங்கியவனும் மாள்வான். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்கிறது. இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2014-இல் ஆணையிட்ட உச்சநீதிமன்றம், 2023-இல் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. எத்தொகையும் தந்தையை இழந்த பிள்ளைக்கு ஈடாகாது. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க ஓர் உயிரைப் பணயம் வைப்பவர் கூட்டுறவு என்னும் சொல்லை உச்சரிக்கத் தகுதியற்றவர்.

“பெருநகரமே இயலாமல் நிற்கும்போது நாம் என் செய்வோம்?” என்று மனம் தளரவேண்டா. கெட்டதைத் திருத்தும் சுமை நகரத்திற்கு வாய்த்தது. கெடாமல் காக்கும் வாய்ப்பு நமக்கு இன்னும் இருக்கிறது. முன்னதற்குக் கோடிகள் வேண்டும்; பின்னதற்கு ஒரு பேரேடும், சில தீர்மானங்களும், அவற்றைக் கடைப்பிடிக்கும் உறுதியும் போதும். கொரட்டூர் அணைக்கட்டில் இவ்வாண்டு மழைநீர் வரும்போது, அது ஏரிக்குச் செல்லத் தக்கதாய் இருத்தல் நம் கையில் உள்ளது.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. கூவத்தில் நன்னீர் குறைந்ததற்கும் கழிவுநீர் மிகுந்ததற்கும் காரணங்கள் யாவை?

2. இலண்டன் சாக்கடைக்கும் சென்னைச் சாக்கடைக்கும் அமைப்பிலுள்ள வேற்றுமை என்ன? அவ்வேற்றுமையால் தீர்வு எவ்வாறு மாறுபடுகிறது?

3. உங்கள் தெருவிலுள்ள வீடுகளை எண்ணி, நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் கழிவுநீர் உண்டாகிறது என்று கணக்கிடுக. அது எங்கே செல்கிறது என்று நடந்து பார்த்துக் குறிக்க.

4. உங்கள் வீட்டுக் கழிவுத்தொட்டி கடைசியாக எந்த ஆண்டு துப்புரவு செய்யப்பட்டது? கசடு எங்கே இறக்கப்பட்டது என்று கேட்டீர்களா?

5. ஆற்றங்கரையிலிருந்து நம் பகுதிக்குக் குடிபெயர்ந்து வந்தோர் சங்கத்தில் அங்கத்தினராவதற்கு நாம் என்ன உதவி செய்யலாம்?